முதல் ஒன்பது நாட்கள்

ஈராண்டுகளுக்கு முன்பு ஒரு கருத்தரங்கில் நான் முன்வைத்த முடிவு ஒன்று தவறு. கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள தவறு அன்று. கூட்டல் கணக்கில் நேர்வதைப் போன்ற, மறுக்க இயலாத தவறு. உரிய இடங்களில் அதை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டேன். ஆயினும் அன்று அந்த அரங்கில் இருந்தவர்களுள் பலர் இங்கே என் பதிவுகளை வாசிப்பவர்கள். அந்த வரைபடத்தை இதே பக்கத்தில் பெருமையோடு பகிர்ந்தவனும் நான்தான். ஆகவே அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முறை. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

வங்கத்திலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் கல்விச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மாணவர்கள் பொதுக் கணினி வளங்களை எப்போது, எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆய்வின் ஒரு பகுதி. வினாநிரல் கொடுத்தால், ஒருவர் தாம் செய்வதாக நினைப்பதுதான் விடையாகக் கிடைக்கும், செய்வது கிடைக்காது. எனவே கணினி மையத்தின் சேவையகங்கள் தாமாகவே எழுதி வைக்கும் பதிவேடுகளை, அதாவது லாக் கோப்புகளை, அனுமதி பெற்றுக் கேட்டேன். பயனர் பெயர்களை மறைத்துவிட்டு, 22 சேவையகங்களின் 17 மாதப் பதிவேடுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை ஒரு மாணவர் உள்நுழையும்போதும் ஒரு வரி. வரிகளை எண்ணினால் நடத்தை தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

எண்ணியபோது அழகானதொரு முடிவு கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஒன்பது நாட்களில் உள்நுழைவுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றன. பத்தாம் நாள் சட்டென்று எழுகின்றன. ஒரு மாதம் இருமாதமல்ல, பதினேழு மாதமும் இதே கதை.

இதற்கு விளக்கம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. உதவித்தொகை, வீட்டிலிருந்து வரும் பணம், உணவு விடுதிக் கட்டணம் எல்லாம் மாதத் தொடக்கத்தைச் சுற்றியே சுழல்பவை. கையில் பணம் இருக்கும் நாட்களில் மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறுகிறார்கள். பணம் தீர்ந்ததும் ஆய்வகத்துக்குத் திரும்புகிறார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் தம் விடுதி வாழ்க்கையை நினைத்துப் புன்னகைக்கக்கூடிய விளக்கம். கருத்தரங்கில் உண்மையாகவே புன்னகைத்தார்கள். ஒரு பேராசிரியர் எழுந்து, நுகர்வின் மாதச் சுழற்சியைக் கல்வி உழைப்போடு இணைத்துக் காட்டிய விதம் புதியது என்றார். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை, மகிழ்ச்சியில்.

அந்த ஆண்டில் சில மாதங்கள் உதவித்தொகையே வரவில்லை. நிலுவைத் தொகை பின்னர் மொத்தமாக வந்தது. என் கோட்பாடு சரியென்றால், பணம் வராத மாதங்களில் சரிவு இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது, அதே ஒன்பது நாட்களுக்கு. அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ‘பழக்கத்தின் எச்சம்’ என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். தனக்கு எதிரான சான்றையும் செரித்துக்கொள்ளும் கோட்பாடு எவ்வளவு ஆபத்தானது என்று முதலாண்டு மாணவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

அடிக்குறிப்போடு முடிந்திருந்தால் அது என் ஆய்வேட்டின் குறையாக மட்டும் நின்றிருக்கும். கணினி மையத்தின் குழுவுக்கு என் வரைபடம் போய்ச் சேர்ந்தது. பராமரிப்புக்காகச் சேவையகங்களை நிறுத்தும் இரவுகளை எந்த வாரத்தில் வைப்பது என்று அவர்கள் ஆலோசித்துக்கொண்டிருந்த நேரம். பயன்பாடு குறைந்த நாட்கள் எவையென்று ஓர் ஆய்வே சொல்லும்போது வேறென்ன வேண்டும்? பராமரிப்பு இரவுகள் மாதத்தின் முதல் வாரத்துக்கு மாற்றப்பட்டன. என் ஆய்வு நடைமுறைக்குப் பயன்பட்டது என்று அதையும் நான் கொண்டாடினேன்.

நான்கைந்து மாதங்கள் கழித்துக் கணினி மையத்தின் மூத்த தொழில்நுட்பர் என்னை அழைத்தார். ஓய்வு பெற இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்தவர். வங்க வழக்கப்படி அவரை எல்லாரும் ‘தாதா’ என்றுதான் அழைப்போம். அவருடைய மேசையெதிரே வேதியியல் துறை ஆய்வாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஐந்து நாட்களாக ஓடிக்கொண்டிருந்த அவருடைய கணக்கீடு, முந்தைய இரவு பராமரிப்பின்போது பாதியில் நின்றுபோயிருந்தது. அறிவிப்பைப் பார்க்கத் தவறியது அவர் பிழைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவர் சென்ற பிறகு தாதா கேட்டார்: “மாத முதல் வாரத்தில் மாணவர்களே வருவதில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்த வாரத்தில் என் கதவைத் தட்டுகிறவர்கள் யார்?”

நான் பதினேழு மாதம், பல இலட்சம் வரிகள், சராசரி என்று பேசத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். “சரி. மனிதர்களின் பழக்கம் என்றால் சில மாதம் எட்டாம் தேதி முடியும், சில மாதம் பன்னிரண்டாம் தேதி முடியும். எப்போதும் ஒன்பதில் முடிகிற பழக்கம் எது? சேவையகம் வாரியாகப் பிரித்துப் பார்த்தாயா?”

பார்த்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்த்திருந்தேன்.

அன்றிரவு பிரித்துப் பார்த்தேன். ஒன்பது சேவையகங்களில் எந்தச் சரிவும் இல்லை; மாதம் முழுவதும் ஒரே சீர். எஞ்சிய 13 சேவையகங்களில் ஒன்றாம் தேதி முதல் ஒன்பதாம் தேதி வரை உள்நுழைவு சுழியம். குறைவு அன்று, சுழியம். பதினேழு மாதங்களில் அந்த நாட்களில் ஒரே ஒரு மனிதர்கூட அவற்றுள் நுழையவில்லை. அந்த எண்ணைப் பார்த்த கணத்தில் வயிற்றில் ஏற்பட்ட குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மனிதர்கள் சுழியத்தை உண்டாக்குவதில்லை, கருவிகள்தாம் உண்டாக்கும்.

இனி அந்தக் கருவியைப் பற்றி. கணினித் துறை சாராத நண்பர்களுக்காகச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் நிரல்கள் தம் செய்திகளைப் பதிவு செய்யும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், செண்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் ஒரு பகுதியாக எரிக் ஆல்மன் இதை உருவாக்கினார். பயனுள்ளதாக இருந்ததால் மற்ற நிரல்களும் எடுத்துக்கொண்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முறையான வரையறை ஏதுமின்றி, வழக்கினாலேயே அது பரவியது. 2001இல்தான் ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணம் வந்தது. அதுவும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதித்த ஆவணமன்று. நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கண்டு எழுதிய ஆவணம். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம்.

அந்த வழக்கின்படி வலைப்பின்னலில் செல்லும் ஒரு செய்தியின் தலையில், கோண அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். செய்தி எந்தப் பிரிவைச் சேர்ந்தது, எவ்வளவு கடுமையானது என்னும் இரண்டையும் அந்த ஓர் எண் சுமக்கிறது. பிரிவுகள் 0 முதல் 23 வரை; கடுமை 0 முதல் 7 வரை. பிரிவை எட்டால் பெருக்கிக் கடுமையைக் கூட்ட வேண்டும். 38 என்றிருந்தால் நான்காம் பிரிவு, ஆறாம் நிலை: பாதுகாப்பு தொடர்பான, வெறும் தகவலாகிய செய்தி. 0தான் மிகக் கடுமையானது, 7 மிக அற்பமானது என்பது புதியவர்களைத் தடுமாறச் செய்யும் செய்தி. அதன்பின் நேரம், சேவையகத்தின் பெயர், நிரலின் பெயர், முடிவில் செய்தி. கோப்பில் எழுதப்படும்போது பெரும்பாலும் அந்த எண் விடுபட்டு மற்றவை நிற்கும்.

நேரம் எழுதப்படும் முறைதான் என் கதையின் வில்லன். அல்லது வில்லன் என்று நான் முதலில் நினைத்தது. மாதத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம், தேதி, பிறகு மணி, நிமிடம், நொடி. ஆண்டு கிடையாது, நேர மண்டலம் கிடையாது. தேதி ஓரிலக்கமானால் முன்னால் சுழியம் இடுவதில்லை. ஒரு வெற்றிடம் இடப்படும். அதாவது, 13ஆம் தேதி என்றால் மாதத்துக்கும் தேதிக்கும் இடையே ஒரு வெற்றிடம். 3ஆம் தேதி என்றால் இரண்டு.

என் நிரல் ஒவ்வொரு வரியையும் வெற்றிடம் கண்ட இடமெல்லாம் வெட்டியது. மாதம் முதற்புலம், தேதி இரண்டாவது, நேரம் மூன்றாவது, சேவையகம் நான்காவது, நிரல் ஐந்தாவது. ஆறாவது புலத்தில் ‘அக்செப்டட்’ என்ற சொல் இருந்தால் உள்நுழைவு வெற்றி; எண்ணிக்கொள். 13ஆம் தேதிக்கு இது மிகச் சரி. 3ஆம் தேதியிலோ இரண்டு வெற்றிடங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத ஒரு புலம் பிறந்துவிடுகிறது. அந்த வெறும்புலம் இரண்டாவது இடத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவை எல்லாம் ஒவ்வோர் இடம் தள்ளிப்போகின்றன. ஆறாவது இடத்தில் இப்போது நிரலின் பெயர். நான் தேடிய சொல் ஏழாவதில் இருக்கிறது. நிரல் அங்கே பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எஞ்சிய ஒன்பது சேவையகங்களில் புதிய இயங்குதளம் நிறுவப்பட்டிருந்தது. அவை நேரத்தை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், சுழியம் இட்டு, நேர மண்டலத்தோடு, இடையில் வெற்றிடமே இல்லாமல் எழுதுபவை. வரி எண்ணில் தொடங்கினால் புதிய வடிவம், எழுத்தில் தொடங்கினால் பழைய வடிவம் என்று நிரலில் இரு கிளைகள் வைத்திருந்தேன். அதைச் செய்தபோது என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. அந்தக் கிளைதான் சரிவைச் சுழியமாகக் காட்டாமல் பாதியாகக் காட்டி, மனிதச் செயலின் தோற்றத்தை அதற்குக் கொடுத்தது. முற்றிலும் தவறியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். என் கோணல் பாதி நேராக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் இதைத் தாதாவிடம் சொன்னபோது நான் அந்தப் பழைய வடிவத்தைத் திட்டினேன். ஒரு சுழியம் இட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவர் திரையில் ஒரு கோப்பைத் திறந்து, வரிகளின் இடது ஓரத்தைக் காட்டினார். “எண்ணிப் பார்.” எண்ணினேன். மூன்றாம் தேதியானாலும் பதின்மூன்றாம் தேதியானாலும் நேரம் சரியாக 15 எழுத்துகள். வெற்றிடம் அங்கே நின்றது அதற்காகத்தான்: நெடுவரிசைகள் கலையாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதற்கு. முதல் 15 எழுத்துகளை நேரமாக எடுத்துக்கொள் என்று இடத்தைக் கொண்டு வெட்டியிருந்தால் ஒரு வரியும் தவறியிருக்காது. எழுதியவர்கள் ஒரு மரபில் எழுதியிருந்தார்கள்; நான் வேறொரு மரபில் வாசித்தேன். அவர்கள்மீது பிழையில்லை.

ஒரு வரியிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க மூன்று வழிகளே உண்டு. இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை என்று இடத்தால் வெட்டுவது. காற்புள்ளி, வெற்றிடம் போன்ற பிரிப்பானைக் கொண்டு புலமாக வெட்டுவது. ‘இன்ன வடிவில் இருப்பது’ என்று கோலத்தால் தேடுவது. மூன்றிலும் நாம் வரியைப் பற்றி ஏதோ ஒன்றை நம்புகிறோம். முதலாவதில் அகலம் மாறாது என்று. இரண்டாவதில் பிரிப்பான் உரிய இடத்தில் ஒரே முறைதான் வரும் என்று. மூன்றாவதில் நாம் எண்ணிய வடிவங்களைத் தவிர வேறு வடிவம் வராது என்று. கருவிக்குக் கருவி இந்த நம்பிக்கையும் வேறுபடும். நான் பயன்படுத்திய ‘கட்’ என்னும் சிறு கட்டளை ஒவ்வொரு வெற்றிடத்தையும் தனித்தனிப் பிரிப்பானாகக் கொள்ளும். ‘ஆக்’ என்னும் இன்னொன்று, வேறு சொல்லாவிட்டால், அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களை ஒன்றாகவே கொள்ளும். அன்று என் விரல்கள் இரண்டாவதைத் தட்டச்சு செய்திருந்தால் அந்தக் கைதட்டலும் இல்லை, இந்தப் பதிவும் இல்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் எல்லாப் பதிவேடுகளையும் மையச் சேவையகம் ஒன்றில் சேர்க்கும் பணியைத் தாதா எடுத்துக்கொண்டார். பிராயச்சித்தம் போல நானும் மாலைகளில் அவரோடு அமர்ந்தேன். பயன்படுத்திய மென்பொருள் ஆர்சிஸ்லாக். 2004இல் ரைனர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கியது. செய்தியை எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதை அதில் ஒரு வார்ப்புருவாகக் கொடுக்கிறோம். இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே பண்பின் பெயரை இட்டால் அதன் மதிப்பு அங்கே வந்து அமரும். முழுச் செய்தி வேண்டாம், ஒரு பகுதி போதும் என்றால், மேலே சொன்ன மூன்று வழிகளும் அங்கேயே உண்டு. பிரிப்பானை அதன் ஆஸ்கி எண்ணால் குறிக்க வேண்டும்: வெற்றிடத்துக்கு 32, காற்புள்ளிக்கு 44, அரைப்புள்ளிக்கு 59. எதுவும் சொல்லாவிட்டால் 9, அதாவது டேப். அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகக் கொள்ள வேண்டுமானால் எண்ணுக்குப் பின் ஒரு கூட்டல் குறி இட வேண்டும். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் தவறைச் செய்தவன் நான் மட்டுமல்லன் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொரு வெற்றிடத்தையும் தாதா காட்டினார். நிரலின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வரும், அதன்பின் ஒரு வெற்றிடம், அதன்பின் செய்தி. அந்த வெற்றிடம் யாருக்குச் சொந்தம்? பழைய வழக்கின்படி செய்திக்கு. ஆகவே செய்தியின் முதல் எழுத்து, பெரும்பாலும், ஒரு வெற்றிடம். ‘செய்தி இந்தச் சொல்லில் தொடங்குகிறதா’ என்று கேட்கும் நிரல்கள் இல்லை என்றே விடை சொல்லும். எல்லா நிரல்களும் அந்த வெற்றிடத்தோடு அனுப்புவதுமில்லை. அதனால் ‘முதலில் வெற்றிடம் இல்லாவிட்டால் ஒன்று இடு’ என்பதற்கென்றே வார்ப்புருவில் ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்கு இத்தனை சட்டங்கள்.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று. கேட்ட புலம் வரியில் இல்லாவிட்டால் அந்த மென்பொருள் சும்மா இருப்பதில்லை. புலம் காணப்படவில்லை என்று, இருபுறமும் நட்சத்திரக் குறிகள் இட்டு, பெரிய எழுத்துகளில், வெளியீட்டிலேயே எழுதிவிடுகிறது. கோலத்தால் தேடி எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். பொருந்தவில்லை என்று வெளிப்படையாக எழுதலாம், வெறுமையாக விடலாம், முழுப் புலத்தையும் அப்படியே தரலாம், அல்லது 0 என்று எழுதலாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது முதலாவதைச் செய்கிறது. அசிங்கமாகத் தோன்றினாலும் உண்மையைச் சொல்கிறது.

அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இல்லை’ என்பது வேறு, ‘எனக்குத் தெரியவில்லை’ என்பது வேறு. மாணவர் வரவில்லை என்பது ஒரு செய்தி. மாணவர் வந்ததை என் நிரலால் வாசிக்க இயலவில்லை என்பது வேறொரு செய்தி. இரண்டாவதை முதலாவதாக மாற்றி எழுதியதுதான் நான் செய்தது. ஆய்வு முறையியல் பாடத்தில் விடுபட்ட தரவுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அது தேர்வுக்குரிய வரையறையாகவே என்னிடம் தங்கிவிட்டிருந்தது.

2009இல் வந்த ஆர்.எஃப்.சி. 5424, முந்தைய ஆவணத்துக்கு மாற்றாக அமைந்தது. அதில் நேரத்துக்கு ஆண்டும் மண்டலமும் உண்டு. செய்திக்குமுன் சதுர அடைப்புக்குள் பெயரும் மதிப்புமாகத் தரவை அடுக்கவும் வழியுண்டு. ஒரு புலத்தின் மதிப்பு அனுப்புபவருக்குத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு சிறுகோடு இட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இடத்தை விட்டுவிடக் கூடாது, மற்றவை நகர்ந்துவிடும். கற்பனை மதிப்பும் இடக் கூடாது. ஒரு கோடு போதும்: இங்கே ஒன்று இருக்க வேண்டும், என்னிடம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். ஓலைச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கமில்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடுவதும் அரிது. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். அவர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அடுத்த பாடலுக்கு 267 என்று எண்ணிட்டு நகர்த்தியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகள் இருந்த இடங்களில் புள்ளிகள் நிற்கின்றன. பள்ளியில் அந்தப் புள்ளிகளை நூலின் குறையாக நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இப்போது அவை எனக்குப் பதிப்பாசிரியரின் கையொப்பமாகத் தெரிகின்றன.

இனி, நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்திய நிரலை ஓட்டியபோது முதல் ஒன்பது நாட்களின் சரிவு முற்றிலும் மறைந்தது. மாதச் சுழற்சி என்று ஒன்றும் இல்லை. நெறியாளரிடம் போவதற்கு முன் மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டேன், அது கோழைத்தனம்தான். அவர் வரைபடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. “இதை வேறு யார் பயன்படுத்தியிருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. என் இயல், என் பட்டம், என் மானம் என்பதைத் தாண்டி என் எண்ணம் செல்லவில்லை.

பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். கணினி மையத்தின் குழு, பராமரிப்பு இரவுகளை மறுபடி மாற்றியது. கருத்தரங்கு அமைப்பாளர்களுக்கு எழுதினேன். மிகக் கடினமானது வேறொரு சந்திப்பு. எங்கள் துறையின் இளைய ஆய்வாளர் ஒருவர், உதவித்தொகைத் தாமதமும் படிப்பும் பற்றிய தம் ஆய்வுத் திட்ட வரைவை என் அட்டவணையின் மேல் கட்டியிருந்தார். தேநீர்க் கடையில் அமர்ந்து அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, அப்படியானால் பணம் தாமதமானால் பாதிப்பே இல்லையா?” என்று கேட்டார். அவருக்கே நான்கு மாதங்களாக உதவித்தொகை வந்திருக்கவில்லை. பாதிப்பு இல்லை என்று என் தரவு சொல்லவில்லை, அதை அளக்க என் தரவுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறது என்றேன். எனக்கே முழுமையாகப் புரியாமல் சொன்ன விடை அது. பின்னர் அவர் லாக் கோப்புகளை விட்டுவிட்டு, மாணவர்களோடு நேரில் பேசித் தம் ஆய்வை அமைத்துக்கொண்டார். நல்ல ஆய்வு, என்னுடையதைவிட நல்லது.

இதே வகைத் தரவோடு வேலை செய்யும் மாணவர்களுக்கு, நான் இப்போது கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். உள்ளே சென்ற வரிகள் எத்தனை, எண்ணப்பட்டவை எத்தனை, காரணம் தெரிந்து விலக்கப்பட்டவை எத்தனை, வாசிக்க இயலாதவை எத்தனை என்று நிரல் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். கடைசி மூன்றும் கூடி முதலாவதற்குச் சமமாகாவிட்டால் அது ஓடக் கூடாது. வாசிக்க இயலாத வரிகளைத் தனிக்கோப்பில் சேர்த்து, அதைத் திறந்து கண்ணால் வாசியுங்கள். என் சரிவு முழுவதும் அப்படியொரு கோப்பில் முதல் நாளே கிடந்திருக்கும். நிரலைச் சோதிக்கும்போது வசதியான ஒரு நாளை எடுக்காமல் 9ஆம் தேதியையும் 10ஆம் தேதியையும் டிசம்பர் 31ஐயும் எடுங்கள். ஆண்டில்லாத நேரம் அந்த நள்ளிரவில் பின்னோக்கிப் போகும். கூட்டுத்தொகையைக் காண்பதற்கு முன் கூறுகளைப் பாருங்கள்.

நேர மண்டலத்தையும் நம்பாதீர்கள். மையச் சேவையகத்தின் வார்ப்புருவில், செய்தி தானே கூறும் நேரம், செய்தி வந்து சேர்ந்த நேரம் ஆகிய இரண்டையும் அருகருகே எழுதச் செய்தோம். இரு சேவையகங்களில் அவற்றுக்கிடையே சரியாக ஐந்தரை மணி நேர வேறுபாடு. அவை இந்திய நேரத்தில் அல்லாமல் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருந்து உழைப்பதாக நான் வியந்து எழுதியிருந்த மாணவர்களுள் ஒரு பகுதியினர், காலை உணவு முடித்து எட்டரை மணிக்கு வந்தவர்கள். அந்தப் பத்தியையும் நீக்கினேன்.

ஆய்வேட்டின் நான்காம் இயல் இப்போது முன்பிருந்ததில் பாதியளவே. புன்னகைக்க அதில் ஒன்றுமில்லை. பின்னிணைப்பில் வாசிக்க இயலாத வரிகளின் எண்ணிக்கையும் அவற்றின் வகைகளும் இருக்கின்றன. அதைக் கண்டவுடன் தேர்வாளர் குறை சொல்லக்கூடும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். சொல்லட்டும். நன்றியுரையில் தாதாவின் பெயரை முதலில் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டியபோது தம் பெயரின் எழுத்துக்கூட்டலைத் திருத்தினார், வேறெதுவும் சொல்லவில்லை. சென்ற மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்று தேதி 9. இதை எழுதிக்கொண்டே பக்கத்துச் சாளரத்தில் ஒரு பழைய சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். யாரோ ஒரு மாணவர் சற்று முன்புதான் உள்நுழைந்தார். மாதத்தின் பெயர், இரண்டு வெற்றிடங்கள், 9. நள்ளிரவு கடந்ததும் அந்த இரண்டாவது வெற்றிடம் மறைந்துவிடும். அதுவரை விழித்திருந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.